இலைக்கு அடியில் தெளித்த இரும்புச்சத்து

கவிதா, செந்தில் இருவருக்கும்,

போன வாரம் நம் தெரு முனை வயலில் ட்ரோன் பறந்து உளுந்துக்கு டி.ஏ.பி. உரக் கரைசல் தெளித்ததை மூன்று பேரும் வரப்பில் நின்று பார்த்தோம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு மா நிலம் முடிந்துவிட்டது. "அப்பா, இதைத்தானே நீங்க முதுகுல கட்டிக்கிட்டு காலம் பூரா செஞ்சீங்க?" என்று செந்தில் கேட்டான். கவிதா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் நடுவிலேயே ஆளுக்கொரு போனை எடுத்துவிடுவீர்கள்.

நான் பத்தாவதோடு நின்றவன். தோட்டக்கலை அலுவலகத்துப் பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். களை பறித்தேன், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன், வண்டி கழுவினேன். பிறகு ஒரு நாள் தெளிப்பான் டேங்கை முதுகில் மாட்டிவிட்டார்கள். அப்போது இருந்த மேஸ்திரி முதல் வாரம் முழுக்க வயலுக்கே விடவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றிக்கொடுத்து, பண்ணையின் சிமெண்டுக் களத்தில் நடக்கவிட்டார். வெயிலில் களம் காயும்போது எந்த இடம் முதலில் காய்கிறது, எந்த இடம் ஈரமாக நிற்கிறது என்று பார்ப்பார். "இந்த எடத்துல என்ன, யாரையாவது பாத்து நின்னுட்டியா?" என்பார். கை ஒரு வேகம், கால் ஒரு வேகம் என்று போனால் களம் திட்டுத்திட்டாகக் காயும். எல்லாம் ஒரே நேரத்தில் காய்ந்த அன்றுதான் வயலுக்கு அனுப்பினார். அதன் பிறகு வேலை நிரந்தரமானது, கல்யாணம் ஆனது, நீங்கள் பிறந்தீர்கள். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பத்மா மேடம் வந்த பிறகுதான் தெளிப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. அவர் எங்கள் வட்டாரத்துத் தோட்டக்கலை அலுவலர். ஒல்லியான உடம்பு, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. ஆபீஸ் மோட்டார் சைக்கிளை நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். வயலுக்குப் போனதும் விவசாயியிடம் பேச மாட்டார். வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் பயிருக்குள் இறங்கிவிடுவார். ஒரு இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். அடி இலையை ஒரு தரம், குருத்தை ஒரு தரம். பிறகு வரப்புக்கு வந்து, "இப்ப நீங்க சொல்லுங்க" என்பார். கூலிக்கு நிற்கிற ஆளாக இருந்தாலும் சரி, பெரிய மிராசாக இருந்தாலும் சரி, அதே 'சொல்லுங்க'தான். யாரையும் 'தப்பு பண்ணிட்டீங்க' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "சரி, இனிமே என்ன செய்யலாம்?" என்பார். அதிலேயே எதிராளிக்குப் புரிந்துவிடும்.

கரைசல் கலக்குவதில் மட்டும் அவர் கறார். மஞ்சளுக்கு நுண்ணூட்டம் தெளிப்பதென்றால் முந்தின நாள் சாயங்காலமே சூப்பர் பாஸ்பேட்டை ஊற வைக்கவேண்டும். மறுநாள் மேலே தெளிந்து நிற்கிற நீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுக்கவேண்டும். துத்தநாகம், இரும்பு, போராக்ஸ், யூரியா ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கடைசியில்தான் ஒன்று சேர்க்கவேண்டும். போராக்ஸ் பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, வெந்நீர் வேண்டும். ஒரு தரம் சோம்பல்பட்டு ஒரு விவசாயி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிக் குச்சியால் கலக்கிவிட்டார். டிரம்மின் அடியில் தயிர் மாதிரி படிந்துவிட்டது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இலைக்கு இல்லீங்க, டிரம்முக்குப் போட்ட சத்து" என்றார். அந்த ஆளே சிரித்துவிட்டார்.

மேரியின் வயலைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

சுவாமிமலைக்கு மேற்கே, காவிரி வாய்க்கால் பாய்கிற ஒரு ஊர். மேரியின் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர்கள். மேரியும் அப்படித்தான் வளர்ந்தது. புருஷன் அந்தோணி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கும்பகோணத்தில் இருக்கிற ராமலிங்கம் என்ற பெரியவரின் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வாங்கி, அந்த வருஷம்தான் மேரி முதல் முதலாகச் சொந்தமாகப் பயிர் வைத்தது. வைத்தது பொங்கல் மஞ்சள்.

பொங்கல் மஞ்சளில் ஒரு விஷயம் உண்டு. ஈரோட்டுப் பக்கம்போல் இலை காய்ந்த பிறகு கிழங்கை வெட்டி, வேகவைத்து, காயவைத்து விற்கிற சமாச்சாரம் இல்லை இது. தை பிறப்பதற்கு முன்னால் இலையோடு பிடுங்கி, வாய்க்காலில் அலசி, கொத்தாகக் கட்டி அனுப்புவார்கள். பானைக் கழுத்தில் கட்டுகிற கொத்து. கிழங்கு எவ்வளவு பெருத்திருந்தாலும் இலை பச்சையாக, கறையில்லாமல் இருந்தால்தான் வாங்குவார்கள். பொங்கல் முடிந்த மறுநாள் அதே கொத்தை ஆடு தின்னும்.

கார்த்திகையில் மேரி ஆபீசுக்கே வந்துவிட்டது. கையில் நாலைந்து இலை. "மேடம், பச்சை கட்ட மாட்டேங்குது. யூரியா போட்டேன். இன்னும் வெளுக்குது. திரும்பவும் போட்டேன். இன்னமும் வெளுக்குது."

மேடம் இலையை வெளிச்சத்தில் பிடித்தார். நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் வெளுப்பு. "இது குருத்தா, அடி இலையா?"

"குருத்துதாம்மா. அடி இலை நல்லா இருக்கு."

"வயலுக்குப் போவோம்" என்று மேடம் எழுந்துவிட்டார்.

போன நேரம் ராமலிங்கமும் அங்கே இருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. வரப்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்லு நடுறது வேற, மஞ்சள் வைக்கிறது வேற மேரி" என்றார். "நான் அப்பவே யோசிச்சேன். பக்கத்து வயக்காரன் கரும்புக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். பொங்கலுக்கு இது கொத்து ஆகலேன்னா தையோட குத்தகையை முடிச்சுக்குவோம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதே."

அவர் போன பிறகு மேரி என்னிடம், "அண்ணே, தையோட முடிச்சா நான் திரும்பவும் நடவு ஆளுதான்" என்றது. அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னது.

மேடம் அதற்குள் பாத்தியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் மண்ணை எடுத்து, விரலால் பிரித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகச் சிறு துணுக்குகள். பையிலிருந்து ஆசிட் குப்பியை எடுத்து, ஓட்டுச் சில்லில் மண்ணை வைத்து ஒரு சொட்டு விட்டார். சோடா மாதிரி நுரைத்தது.

"மேரி, மண் அணைக்கும்போது என்ன போட்டீங்க?"

"தொழு உரம். அப்புறம் சாம்பல். நல்ல சாம்பல்மா, இவரு ஆட்டோவுல கொண்டாந்தாரு."

"எங்கேருந்து?"

அந்தோணி முன்னால் வந்தார். "காளவாயிலேருந்து மேடம். வெத்திலைக்குச் சுண்ணாம்பு சுடுறாங்கல்ல, அங்க நான்தான் கிளிஞ்சல் லோடு அடிக்கிறேன். திரும்பி வர்றப்ப வண்டி சும்மாதானே வருதுன்னு சாம்பலை அள்ளிட்டு வந்தேன். அவங்க, 'எடுத்துக்கிட்டு எடத்தைக் காலி பண்ணினா போதும்'னாங்க."

"எத்தனை லோடு?"

"நல்ல பொருளு சும்மா கிடைக்குதுன்னா எண்ணிக்கிட்டா இருப்பாங்க மேடம்?"

அடுப்புச் சாம்பல் போட்டுப் பழகிய ஜனங்கள். சாம்பல் என்றால் சத்து என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சாம்பலில் பாதி சுண்ணாம்பு. சுண்ணாம்பு மிஞ்சிய மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாது. இரும்பு கிடைக்காத குருத்து வெளுக்கும். யூரியா போட்டால் குருத்து வேகமாக வரும், வந்த வேகத்தில் இன்னும் வெளுக்கும். மேடம் இதை அங்கேயே குந்தி உட்கார்ந்து, ஒரு ஆள் சோற்றை எதிரில் வைத்துக்கொண்டு கை கட்டப்பட்டிருக்கிற மாதிரி என்று விளக்கினார். மேரி புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தோணி இரண்டடி பின்னால் போனார்.

"சண்டை அப்புறம் போட்டுக்கலாம். இனிமே என்ன செய்யலாம்?" என்றார் மேடம். "மண்ணுல இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. இலை வழியா ஊட்டிரலாம். ரெண்டு தெளிப்பு. மேரி, ரெண்டு பாத்தியை மட்டும் தெளிக்காம விட்டுருங்க. பிடுங்குறப்ப தெளிச்ச பாத்தியையும் தெளிக்காததையும் எடை போட்டா, தெளிச்சதால கிழங்கு எவ்வளவு கூடுச்சுன்னு காட்டலாம். இந்த வருஷம் எனக்கு அந்தக் கணக்கு வேணும்."

"ரெண்டு பாத்தியைப் பட்டினி போடச் சொல்றீங்களா மேடம்? உங்க வீட்டுல ரெண்டு புள்ளையைச் சோறு போடாம விட்டு எடை பாப்பீங்களா?"

மேடத்துக்கு மேலே இருந்து அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் பயிரைத் திரும்பிப் பார்த்தார். "சரி, எல்லாத்துக்கும் தெளிப்போம்" என்றார்.

அன்றைக்கே ஓரத்து வரிசை ஒன்றில் மட்டும் இரும்பு சல்பேட்டைக் கரைத்துத் தெளித்துப் பார்த்தேன். தண்ணீர் பக்கத்து போர்வெல்லில் பிடித்தது. வாளியில் கரைத்த சிறிது நேரத்திலேயே நிறம் மாறி, டீத்தண்ணீர் மாதிரி ஆயிற்று. நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், தெளித்த வரிசையில் குருத்து பச்சை பிடித்திருந்தது. ஆனால் இலையெல்லாம் துருக்கறை. பழைய தகரத்தில் மழை பெய்த மாதிரி பொட்டுப் பொட்டாக.

மேரி ஒரு இலையைப் பிய்த்து என் முகத்துக்கு நேராக நீட்டியது. "அண்ணே, இதை உங்க வீட்டுப் பொங்கப் பானையில கட்டுவீங்களா?"

"கட்ட மாட்டேன்" என்றேன்.

"வெளுத்திருந்தாலாவது பாதி பேர் வாங்குவாங்க. கறை புடிச்சதை யாரு வாங்குவா?"

கிழங்கு பெருக்க வேண்டும் என்றால் அந்தக் கறை ஒரு பொருட்டே இல்லை. வேறு எந்த வயலாக இருந்தாலும் சந்தோஷமாக விட்டிருப்போம். இங்கே இலைதான் சரக்கு. மேடம் வரப்பில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அது உப்புத் தண்ணீர், இரும்பைத் துருவாக்கிவிடும். வாய்க்காலில் ஓடுகிற காவிரித் தண்ணீர் போதும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் வாங்கி, இரும்பு போடுவதற்கு முன்னால் அதைக் கரைத்துக்கொண்டால் கரைசல் நிறம் மாறாது. கலக்கியதை வைத்திருக்கக் கூடாது, அவ்வப்போது கலக்கி அவ்வப்போது தீர்க்கவேண்டும். பனி காய்ந்த பிறகுதான் தெளிக்கவேண்டும், ஈர இலையில் விழுந்தால் கரைசல் வழிந்து நுனியில் சேர்ந்து கருக்கிவிடும்.

"அப்படியும் கொஞ்சம் கறை விழும்" என்றார் கடைசியில். "அதனால மேல தெளிக்க வேண்டாம். இலைக்கு அடியில தெளிப்போம். அடிப்பக்கம் இன்னும் நல்லாவே குடிக்கும். விழுகிற கறை அடியில இருக்கும், அலசும்போது போயிடும். ஆனா கணேசன், குனிஞ்சுக்கிட்டே நடக்கணும். முடியுமா?"

"விஷம் ஒண்ணும் இல்லையே மேடம்? சாமிக்கு வைக்கிறது" என்று மேரி கேட்டது.

"முருங்கைக்கீரையில என்ன சத்து இருக்கோ அதே சத்துதான்."

தெளிப்புக் குழாயின் நாசில் முனையை மேல் நோக்கி வளைத்துக்கொண்டேன். மஞ்சள் இடுப்பளவு நின்றது. இரண்டு வரிசைக்கு நடுவில் முட்டியை மடக்கி, தலையை இலைக்குக் கீழே கொடுத்து, குழாயைத் தரையோடு பிடித்து மேலே பார்க்கத் தெளிக்கவேண்டும். இலையின் அடி நனைந்து, மிச்சம் என் தலையிலும் கழுத்திலும் சொட்டியது. டேங்க் முதுகில் நழுவி நழுவிப் பிடரிக்கு வந்தது. மேரியும் அந்தோணியும் வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வரிசை முடித்து நிமிர்ந்தபோது அந்தோணி என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு ஞானஸ்நானமே ஆயிடுச்சு. பேரு என்ன வைக்கலாம்?" என்றார்.

"உன் பேரையே வைச்சிடு. சாம்பல் அள்ளுறதுக்கு ரெண்டு பேரு ஆயிடுவோம்" என்றேன்.

மேரி சிரித்தது. அந்த வயலில் அது சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த தெளிப்புக்கு நான் போனபோது அவர்கள் என்னை டேங்கைத் தொட விடவில்லை. எங்கேயோ ஒரு தெளிப்பானை இரவல் வாங்கி வந்து, புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றிக் குனிந்து, பாதி வயலை முடித்திருந்தார்கள். நான் வாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டேன். மார்கழிப் பாதியில் வயல் பச்சை கட்டிவிட்டது. ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுசாகத் தேறவில்லை. ஆனால் புதிதாக வந்ததெல்லாம் கைநீளப் பச்சை, மேல்பக்கம் துடைத்து வைத்த மாதிரி.

போகிக்கு முன்னால் பிடுங்கினார்கள். நானும் மேடமும் போயிருந்தோம். பிடுங்குகிறவர்கள் ஒரு பக்கம், வாய்க்காலில் அலசுகிறவர்கள் ஒரு பக்கம், கரையில் கொத்து கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மேடம் ஒரு மஞ்சள் தூரைக் கையில் தூக்கிப் பார்த்தார். கிழங்கும் நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஒப்பிடத் தெளிக்காத பாத்தி இல்லாததால் அவருடைய எடைக் கணக்கு அதோடு போனது. தூரை அலசுகிறவர்களிடம் நீட்டினார்.

அப்போது ராமலிங்கம் வந்தார். கட்டி வைத்திருந்த கொத்துகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு கொத்தை எடுத்து உதறினார், பச்சை இலை அசைந்தது.

"பரவாயில்லையே மேரி" என்றார். "நான் நெனச்சது தப்பு. இந்த மண்ணு மஞ்சளுக்கு ஏத்த மண்ணுதான்." கொத்தைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டினார். "அதான் யோசிக்கிறேன், வர்ற ஆனியில நானே வச்சிடலாம்னு. ஆளு விட்டுப் பாத்துக்கறேன். ஒன் மேல கொறை ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் பண்ணியிருக்கே."

கொத்து கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. விளையாவிட்டால் போயிருக்கும் நிலம், விளைந்ததால் போகிறது. எனக்கு வார்த்தை வாய் வரை வந்துவிட்டது, ஏதோ சொல்லப் போனேன். மேடம் என் பக்கம் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வேண்டாம் என்று. இது மேரி பேச வேண்டிய இடம்.

மேரி கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது.

"உங்க நிலம், வச்சுக்குங்க அய்யா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு வைங்க. இந்த மண்ணுல நான் காளவாய்ச் சாம்பலைக் கொட்டிட்டேன். தெரியாமக் கொட்டினது. சுண்ணாம்பு உள்ள கிடக்குது. நீங்க வச்சாலும் இப்படித்தான் வெளுக்கும். இலைக்கு அடியில இரும்புத் தண்ணி அடிச்சாத்தான் பச்சை வரும்."

ராமலிங்கத்தின் முகம் மாறியது. "என் நிலத்தைக் கெடுத்துட்டு என்கிட்டயே சொல்றியா?"

"கெடுத்ததை உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட அய்யா சொல்றது?"

அவர் மேடத்தைப் பார்த்தார். "நெசமா மேடம்?"

"ஆமாங்க" என்றார் மேடம். "தண்ணி நிக்கிற நெல்லுக்கு அவ்வளவாத் தெரியாது. மஞ்சளுக்குத் தெரியும், கரும்புக்கும் தெரியும். தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமா மடக்கி உழுது வந்தா சில வருஷத்துல சரியாகும். அதுவரைக்கும் தெளிக்கணும்."

ராமலிங்கம் ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அலசியும் போகாத துருப்பொட்டு ஒன்றிரண்டு இருந்தது. நகத்தால் சுரண்டினார். "அடியில எப்படி அடிக்கிறது?"

அந்தோணி பிடுங்காமல் நின்ற இரண்டு வரிசைக்கு நடுவே போய், முட்டியை மடக்கி, தலையைக் கீழே கொடுத்து, குழாய் பிடிப்பதுபோல் கையை வைத்து நாலு எட்டு நடந்து காட்டினார். ராமலிங்கம் அந்த நடையைக் கடைசி வரை பார்த்தார்.

"வயல் பூராவுமா?"

"வயல் பூராவும் அய்யா. ரெண்டு தடவை."

"எந்த ஆளு இப்படி நடப்பான்? நான் வீட்டுல உக்காந்துக்கிட்டு அனுப்புற ஆளு, நான் இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள மேலாப்புல அடிச்சிட்டுப் போயிடுவான்." குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கொஞ்ச தூரம் போனார், திரும்பி வந்தார். "குத்தகை ஒன்கிட்டயே இருக்கட்டும். சுண்ணாம்பைக் கொட்டினவளே மண்ணைச் சரிபண்ணிக் குடு. தக்கைப்பூண்டு வெதை எப்பப் போடணும்னு மேடத்துக்கிட்ட கேட்டுக்க." நாலு கொத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேரி அவர் வரப்பு திரும்புகிற வரை நின்றது. பிறகு கட்டுகிற பெண்களைப் பார்த்து, "என்ன வாயைப் பாக்குறீங்க, வண்டி வந்துடும்" என்று அதட்டிவிட்டு உட்கார்ந்து நாரைக் கையில் எடுத்தது. முதல் முடிச்சு கோணலாக விழுந்தது.

மேடம் பக்கத்தில் போய்க் குந்தினார். வழக்கமாக அவர் இப்படிக் கேட்கிறவர் இல்லை. "ஏன் சொன்னீங்க மேரி? பேசாம இருந்திருந்தா, ஒரு வருஷம் வச்சுப் பாத்துட்டு, வெளுத்துப் போச்சுன்னு அவரே உங்ககிட்ட திருப்பிக் கொடுத்திருப்பாரே."

மேரி முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டது. "என் வீட்டுக்கு இந்த வரப்புதான் வழிம்மா. அந்த ஒரு வருஷமும் அது வெளுத்து நிக்கிறதைப் போறப்பவும் வர்றப்பவும் நான்தானே பாக்கணும்?"

மேடம் ஒரு பிடி நாரை எடுத்து, தானும் உட்கார்ந்து கொத்து கட்ட ஆரம்பித்தார்.

அன்புடன்,
அப்பா